நியூயார்க் நகரத்துக்குள்ள 47 ஏக்கர் பண்ணை... 300 வருஷத்துக்கு மேல தப்பிச்சது எப்படி? பரங்கிக்காய் திருவிழாவுக்குப் பின்னால் இருக்கும் கதை!

அக்டோபர் மாசம் வந்துட்டா போதும். அமெரிக்காவில் இருக்கும் அக்கா, அத்தான், சித்தி பையன்னு யாராவது ஒருத்தர்கிட்ட இருந்து ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்புக்கு அந்த போட்டோ வந்துவிடும். ஒரு வயல். தரை முழுக்க ஆரஞ்சு நிறத்தில் பரங்கிக்காய்கள். அதில் பெரிய காய் ஒன்றின் மேல் குழந்தை உட்கார்ந்திருக்கும். பின்னாடி வைக்கோல் கட்டு, டிராக்டர், மக்காச்சோளத் தட்டை.

"என்னப்பா, காய் வாங்க இவ்ளோ தூரம் கார் ஓட்டிட்டுப் போவாங்களா?" என்று ஊரில் இருக்கும் பாட்டி கேட்பார். நியாயமான கேள்விதான். பரங்கிக்காய் அங்கே சூப்பர் மார்க்கெட் வாசலிலேயே குவிந்து கிடக்கும். அப்புறம் எதுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு வயலுக்குள் போகிறார்கள்?

இந்தக் கேள்விக்கான பதில், நியூயார்க் மாநகரத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு பழைய பண்ணையில் கிடைக்கிறது. சுற்றிலும் வீடுகள், நெடுஞ்சாலை, அடுக்குமாடிகள். நடுவில் 47 ஏக்கர் விவசாய நிலம். 1697-ல் இருந்து அங்கே உழவு நடக்கிறது. அந்த நிலம் எப்படித் தப்பித்தது, அதற்கும் பரங்கிக்காய் போட்டோவுக்கும் என்ன சம்பந்தம்? விரிவாகப் பார்க்கலாம்.

முதல்ல, 'பம்ப்கின் பேட்ச்'னா என்ன?

பம்ப்கின் என்பது நாம் சொல்லும் பரங்கிக்காய்தான். சில ஊர்களில் மஞ்சள் பூசணி. இது அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய காய். ஐரோப்பியர்கள் கப்பலில் ஏற்றி உலகம் முழுக்கக் கொண்டு போனார்கள். பரங்கியர் வழியாக வந்த காய் என்பதால்தான் தமிழில் 'பரங்கிக்காய்' என்ற பெயரே வந்தது.

அமெரிக்காவில் அக்டோபர் 31 ஹாலோவீன். அன்று பரங்கிக்காயைக் குடைந்து, கண், மூக்கு, வாய் வெட்டி, உள்ளே விளக்கு வைப்பார்கள். இந்தப் பழக்கம் அயர்லாந்தில் இருந்து வந்தது. அங்கே குடைந்தது டர்னிப் கிழங்கை. அமெரிக்காவுக்குக் குடியேறிய ஐரிஷ் மக்களுக்கு, அதைவிடப் பெரிய, குடைவதற்குச் சுலபமான பரங்கிக்காய் கிடைத்தது. கிழங்கு போய் காய் வந்தது.

அந்தக் காயைக் கடையில் வாங்காமல், குடும்பத்தோடு வயலுக்கே போய்த் தேடி எடுத்து வரும் இடம்தான் பம்ப்கின் பேட்ச். இதோடு வேறு சில அம்சங்களும் சேர்ந்தே வரும்:

- ஹேரைடு: டிராக்டர் இழுக்கும் டிரெய்லரில் வைக்கோல் கட்டு மேல் உட்கார்ந்து பண்ணையைச் சுற்றி வருவது.
- கார்ன் மேஸ்: ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த மக்காச்சோளக் காட்டுக்குள் வெட்டப்பட்ட புதிர்ப்பாதை. உள்ளே போனால் வழி கண்டுபிடித்து வெளியே வர வேண்டும்.
- பண்ணை விலங்குகள்: ஆடு, செம்மறி, கோழி, பன்றி. குழந்தைகள் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம், சில இடங்களில் தீனியும் கொடுக்கலாம்.
- ஆப்பிள் சைடர்: பிழிந்த ஆப்பிள் சாறு. குளிர் ஆரம்பிக்கும் நேரம் என்பதால் சூடாகவும் கிடைக்கும்.

எங்கே இருக்கு இந்த 47 ஏக்கர்?

நியூயார்க் நகரம் ஐந்து பகுதிகளால் ஆனது. சினிமாவில் நாம் பார்க்கும் உயரமான கட்டடங்கள் பெரும்பாலும் மன்ஹாட்டன். அதற்குக் கிழக்கே, லாங் ஐலண்ட் தீவின் மேற்கு முனையில் இருப்பது குயின்ஸ். நம்மவர்கள் பலருக்குத் தெரிந்த ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் இருப்பதும் இதே குயின்ஸில்தான்.

குயின்ஸின் கிழக்கு ஓரத்தில், லிட்டில் நெக் பார்க்வே என்ற சாலையில் இருக்கிறது 'குயின்ஸ் கவுன்ட்டி ஃபார்ம் மியூசியம்'. உள்ளூர்க்காரர்கள் சுருக்கமாக குயின்ஸ் ஃபார்ம் என்பார்கள். சுற்றியுள்ள க்ளென் ஓக்ஸ், ஃப்ளோரல் பார்க், பெல்ரோஸ் பகுதிகளில் இந்தியக் குடும்பங்கள் நிறைய. வார இறுதியில் பண்ணைக்குப் போனால் மலையாளமும் பஞ்சாபியும் காதில் விழும்.

47 ஏக்கர் என்றால் நம்ம கணக்கில் 4,700 சென்ட். வீட்டு மனையாகப் போட்டால் எத்தனை பிளாட் தேறும் என்று நீங்களே மனக்கணக்கு போட்டுக்கொள்ளலாம். நியூயார்க் போன்ற ஊரில் அந்தக் கணக்கைப் போடாத ஆளே இருந்திருக்க முடியாது. அதனால்தான் இந்த நிலம் தப்பித்த கதை முக்கியமாகிறது.

1697-ல் இருந்து என்ன நடந்தது?

ஐரோப்பியர் வருவதற்கு முன்பு இந்தப் பகுதி மேட்டினகாக் என்ற பூர்வகுடி மக்களின் நிலம். பரங்கி, மக்காச்சோளம், பீன்ஸ் இந்த மூன்றையும் சேர்த்துப் பயிர் செய்யும் முறையை வட அமெரிக்கப் பூர்வகுடிகள்தான் வளர்த்தெடுத்தார்கள். இன்று அந்தப் பண்ணையில் டிக்கெட் போட்டுக் காட்டப்படும் இரண்டு பயிர்களுமே அவர்கள் கொடுத்தவை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி வருவோம்.

பிறகு டச்சு வம்சாவளியைச் சேர்ந்த ஏட்ரியன்ஸ் குடும்பம். 1772-ல் ஜேக்கப், கேத்தரின் தம்பதி கட்டிய வீடு இன்னமும் நிற்கிறது. அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்ததற்கு நான்கு வருடம் முந்தைய வீடு அது.

1800-களில் பண்ணை பல கைகள் மாறியது. 1892-ல் ஸ்டாட்டல் குடும்பம் வாங்கியது. அப்போது குயின்ஸ் கிட்டத்தட்ட கிராமம்தான். வளர்ந்துகொண்டே போன நியூயார்க்கின் வயிற்றுக்குக் காய்கறி அனுப்பும் வேலையை இது போன்ற தோட்டங்கள் செய்தன. சென்னைக்குச் சுற்றுவட்டார ஊர்களில் இருந்து கீரை லோடு வருவது மாதிரி. 1900 வாக்கில், குயின்ஸ் கவுன்ட்டியிலேயே அதிக மதிப்புள்ள பண்ணை இதுதான். மதிப்பு 32,000 டாலர்.

ஆனால் 1898-லேயே குயின்ஸ் நியூயார்க் மாநகரத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. பாலம் வந்தது, ரயில் வந்தது, கார் வந்தது. காய்கறி விளைந்த நிலத்தில் வீடுகள் முளைத்தன. 1926-ல் ஸ்டாட்டல் குடும்பமும் நிலத்தை விற்றது.

மனநல மருத்துவமனை காப்பாற்றிய வயல்

இந்த இடத்தில்தான் கதை எதிர்பாராத பக்கம் திரும்புகிறது.

பக்கத்திலேயே க்ரீட்மூர் என்ற அரசு மனநல மருத்துவமனை இருந்தது. 1912-ல் ப்ரூக்ளின் மருத்துவமனையின் 'பண்ணைக் குடியிருப்பாக' ஆரம்பித்து, பிறகு தனியாக வளர்ந்தது. 1950-களின் கடைசியில் அங்கே சுமார் 7,000 நோயாளிகள் இருந்தார்கள். ஒரு சின்ன டவுன் அளவு மக்கள்.

ஸ்டாட்டல் நிலம் அந்த மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தது. நோயாளிகள் வயலில் வேலை செய்தார்கள். விளைந்தது மருத்துவமனைச் சமையலறைக்குப் போனது. மண்ணில் வேலை செய்வது மனதுக்கு நல்லது, அதுவே சிகிச்சை என்பது அந்தக் கால நம்பிக்கை. இப்படியாக, சுற்றிலும் குயின்ஸ் முழுக்க வீடுகள் நிரம்பிய அந்த ஐம்பது வருடமும் இந்த நிலம் உழப்பட்டுக்கொண்டே இருந்தது.

இதில் ஒரு கசப்பும் இருக்கிறது. அமெரிக்கா முழுக்க அரசு மனநல மருத்துவமனைகளில் நோயாளிகளிடம் கூலி இல்லாமல் வேலை வாங்குவது சாதாரணமாக நடந்தது. சிகிச்சை எங்கே முடிகிறது, சுரண்டல் எங்கே ஆரம்பிக்கிறது என்ற கேள்வி எழுந்தது. 1973-ல் வாஷிங்டன் ஃபெடரல் நீதிமன்றம், வேலை செய்யும் நோயாளிகளுக்கும் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. மருத்துவமனைப் பண்ணைகள் என்ற ஏற்பாடே அந்தக் காலகட்டத்தில் நாடு முழுக்க மறைந்து போனது.

க்ரீட்மூருக்கும் வயல் தேவைப்படாமல் போனது. மாநகரத்துக்குள் ஐம்பது ஏக்கர் 'தேவைப்படாத' நிலம் இருந்தால் அடுத்து என்ன ஆகும்? சொல்லவே வேண்டாம்.

1975: பூங்கா என்ற பூட்டு

அக்கம்பக்கத்து மக்கள் ஒன்று சேர்ந்தார்கள். பழைய பண்ணை வீட்டைச் சீரமைத்துக் காப்பாற்ற ஒரு சங்கம் உருவானது. அந்தத் தொகுதியின் மாநில செனட்டர் ஃப்ராங்க் பேடவன் சட்டம் கொண்டுவந்தார். நிலம் மாநில அரசிடம் இருந்து நியூயார்க் மாநகராட்சியின் பூங்கா துறைக்கு மாறியது.

பூங்கா துறைக்குப் போனதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். நியூயார்க் சட்டப்படி, ஒரு நிலம் பூங்கா என்று ஆகிவிட்டால் மாநகராட்சி நினைத்த மாத்திரத்தில் அதை விற்கவோ, வேறு வேலைக்குக் கொடுக்கவோ முடியாது. மாநில சட்டமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். அதாவது, பூட்டின் சாவி ஒரே ஆளிடம் இல்லை.

இன்றும் ஏற்பாடு இதுதான். நிலத்தின் சொந்தக்காரர் மாநகராட்சி. நடத்துவது லாப நோக்கமில்லாத ஓர் அமைப்பு. காய்கறி விளைகிறது, ஆப்பிள் தோட்டம் இருக்கிறது, திராட்சைக் கொடி இருக்கிறது, தேனீப் பெட்டிகள் இருக்கின்றன. சாதாரண நாட்களில் உள்ளே போக காசு கிடையாது. ஆனால் பண்ணை ஆட்களுக்குச் சம்பளம், ஆடு மாடுகளுக்குத் தீனி, 1772-ம் வருட வீட்டுக்குக் கூரை வேலை... இதெல்லாம் காசு இல்லாமல் நடக்காது இல்லையா? அங்கேதான் சீசன் நிகழ்ச்சிகள் வருகின்றன.

வருஷம் முழுக்க என்னென்ன நடக்குது?

வசந்த காலம் (ஏப்ரல், மே): ஈஸ்டரை ஒட்டி குழந்தைகளுக்கு முட்டை தேடும் விளையாட்டு. பழைய கார்களின் கண்காட்சி. குளிர்காலம் முழுக்க வளர்ந்த செம்மறியாட்டு ரோமத்தை வெயில் ஏறும் முன் கத்தரிக்க வேண்டும். அந்த வேலையையே குடும்பங்கள் பார்க்கும் நிகழ்ச்சியாக நடத்துகிறார்கள். ரோமம் எப்படி நூலாகிறது என்பதைக் குழந்தைகள் நேரில் பார்க்கலாம்.

கோடை (ஜூலை): தண்டர்பேர்ட் அமெரிக்கன் இந்தியன் பவ் வவ். பல பூர்வகுடி இனங்களைச் சேர்ந்தவர்கள் கூடி நடத்தும் மூன்று நாள் ஆடல், பாடல், கைவினை விழா. இதை முன்னின்று நடத்தும் நடனக் குழு 1963-ல் நியூயார்க்கில் தொடங்கப்பட்டது. மேட்டினகாக் மக்களின் நிலமாக இருந்த மண்ணில், பூர்வகுடிகளே மைதானத்தின் நடுவில் நின்று தங்கள் கதையைச் சொல்லும் மூன்று நாட்கள் இவை. மற்ற நிகழ்ச்சிகள் 1697-ல் இருந்து கணக்கு தொடங்கும். இது அதற்கும் முன்னால் இருந்து தொடங்குகிறது.

செப்டம்பர்: கவுன்ட்டி ஃபேர். கிராமத்துச் சந்தையும் போட்டியும் கலந்த பழைய அமெரிக்கத் திருவிழா. நல்ல காய்கறிக்கும் பலகாரத்துக்கும் பரிசு, பை சாப்பிடும் போட்டி, சோளக்கதிர் உரிக்கும் போட்டி. புதிர்ப்பாதையும் இந்தச் சமயத்தில்தான் சூடுபிடிக்கும்.

அக்டோபர்: பரங்கிக்காய் வயல், ஹேரைடு, ஹாலோவீன் கொண்டாட்டம். வருடத்திலேயே கூட்டம் பிச்சுக்கொண்டு போகும் நேரம். நிலா வெளிச்சத்தில் டார்ச் வைத்துக்கொண்டு புதிர்ப்பாதைக்குள் போகும் இரவு நிகழ்ச்சியும் உண்டு.

டிசம்பர் கடைசி வாரம்: வயலில் வேலை இல்லாத காலம். பழைய வீட்டை அலங்கரித்து, உள்ளே சுற்றிக் காட்டுவார்கள். கையில் சூடான சைடர், அவ்வளவுதான்.

கவனித்தீர்களா? பெரும்பாலான நிகழ்ச்சிகளுக்குப் பின்னால் ஒரு விவசாய வேலை இருக்கிறது. ரோமம் கத்தரிப்பு, கதிர் உரிப்பு, அறுவடை. வேலை எப்போது வருகிறதோ அப்போது விழா.

மக்காச்சோளத்துல புதிர்ப்பாதை எப்படிப் போடுறாங்க?

இது ரொம்பப் பழைய மரபு என்று நினைத்தால், இல்லை. அமெரிக்காவில் இன்றைய பாணி கார்ன் மேஸ் முதன்முதலில் வந்தது 1993-ல்தான். பென்சில்வேனியா மாநிலம் ஆன்வில் என்ற ஊரில், டான் ஃப்ரான்ட்ஸ் என்ற நாடகத் தயாரிப்பாளர் போட்டார். வடிவமைத்தவர் பிரிட்டனைச் சேர்ந்த ஏட்ரியன் ஃபிஷர். மேலே இருந்து பார்த்தால் டைனோசர் உருவம். அந்த வருடம் மிசிசிப்பி ஆற்றுப் படுகையில் பெரும் வெள்ளம். பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்கு நிதி திரட்ட அந்தப் புதிர்ப்பாதை உதவியது.

போடும் முறையில் சில நுணுக்கங்கள் இருக்கின்றன. வழக்கமாக மக்காச்சோளம் நேர் வரிசையில் விதைக்கப்படும். புதிர்ப்பாதைக்குக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முறை விதைப்பார்கள். அப்போதுதான் சுவர் மாதிரி அடர்த்தியாக வரும். விதைப்பும் கொஞ்சம் தள்ளியே இருக்கும். சீக்கிரம் விதைத்தால் அக்டோபருக்கு முன்பே காய்ந்து சாய்ந்துவிடும். பயிர் சின்னதாக இருக்கும்போதே, வரைபடத்தைப் பார்த்துப் பாதையை வெட்டிவிடுவார்கள். இதற்கு இப்போது ஜிபிஎஸ் உதவி செய்கிறது.

குயின்ஸ் ஃபார்மில் இந்தப் புதிர்ப்பாதை 3 ஏக்கர். உள்ளே ஆங்காங்கே குறிப்புகள், வரைபடத்தின் துண்டுகள் ஒளிந்திருக்கும். அவற்றைச் சேர்த்து வழி கண்டுபிடிக்க வேண்டும். அந்த 3 ஏக்கரில் வெறுமனே சோளம் விளைந்தால் வரும் காசு எவ்வளவு, வழி தேடி வரும் குடும்பங்களின் டிக்கெட் காசு எவ்வளவு? யோசித்துப் பாருங்கள். ஒரே பயிர்தான். சோளமாக விற்பதைவிட, சுவராக நிற்கும்போது அதற்கு விலை அதிகம்.

விவசாயிகள் ஏன் திருவிழா நடத்த வேண்டியிருக்கு?

குயின்ஸ் ஃபார்ம் மாநகராட்சி நிலம். தனியார் பண்ணைகளின் நிலைமை இன்னும் கஷ்டம்.

அமெரிக்க வேளாண் துறை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை விவசாயக் கணக்கெடுப்பு நடத்துகிறது. 2017-க்கும் 2022-க்கும் இடையில் நாட்டில் பண்ணைகளின் எண்ணிக்கை சுமார் 1 லட்சத்து 41 ஆயிரம் குறைந்தது. 2022-ல் மிச்சம் இருந்தவை சுமார் 19 லட்சம்.

அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. பண்ணைக்கு வரும் பார்வையாளர்கள் மூலம் கிடைத்த வருமானம் 2017-ல் சுமார் 95 கோடி டாலர். 2022-ல் அது சுமார் 126 கோடி டாலர். இந்த வருமானம் பெற்றவை சுமார் 28,600 பண்ணைகள். சராசரியாகப் பார்த்தால் ஒரு பண்ணைக்கு 44,000 டாலர் வருகிறது. சின்னக் குடும்பப் பண்ணைக்கு இது, அடுத்த வருடமும் விதைப்பதா, விற்றுவிட்டுப் போவதா என்பதை முடிவு செய்யக்கூடிய தொகை.

ஆனால் ரிஸ்க்கும் கூடவே வருகிறது. பரங்கிக்காய் சீசன் என்பது நான்கைந்து வார இறுதிகள்தான். அதில் இரண்டு சனிக்கிழமை மழை பெய்தால் அந்த வருடக் கணக்கே மாறிவிடும். விதைக்கும்போதும் வானத்தைப் பார்க்க வேண்டும், அறுக்கும்போதும் பார்க்க வேண்டும், இப்போது டிக்கெட் விற்கும்போதும் வானத்தைப் பார்க்க வேண்டும். டிரெய்லரில் இருந்து யாராவது விழுந்தால் வழக்கு வரும் என்ற பயம் வேறு. அதனால்தான் பல மாநிலங்கள் பண்ணைச் சுற்றுலாவுக்கென்றே தனிப் பொறுப்புச் சட்டங்கள் போட்டிருக்கின்றன.

விழா பண்ணையையே விழுங்கிட்டா?

இதற்கும் உதாரணம் இருக்கிறது. கலிஃபோர்னியாவில்.

1920-ல் வால்டர் நாட் என்பவர் ப்யூனா பார்க் என்ற ஊரில் குத்தகை நிலத்தில் பெர்ரிப் பழம் பயிரிட ஆரம்பித்தார். சாலையோரக் கடையில் பழம் விற்பனை. 1930-களில் அமெரிக்காவே பணத் தட்டுப்பாட்டில் தவித்த காலம். 1934-ல் ஒரு நாள் அவருடைய மனைவி கார்டிலியா, கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகளில் எட்டுப் பேருக்குக் கோழிக்கறி விருந்து வைத்தார். ஒரு சாப்பாடு 65 சென்ட்.

சாப்பாடு பிரபலமானது. மணிக்கணக்கில் வரிசை நின்றது. காத்திருக்கும் கூட்டத்துக்குப் பொழுது போக வேண்டுமே என்று, 1940-ல் பழைய மேற்கத்திய ஊர் மாதிரி ஒரு 'கோஸ்ட் டவுன்' கட்ட ஆரம்பித்தார் வால்டர். பிறகு ராட்டினங்கள், ரயில்கள் வந்தன. 1973-ல் ஹாலோவீன் பேய் இரவுகள் தொடங்கின. 1997-ல் குடும்பம் அதை ஒரு தீம் பார்க் கம்பெனிக்கு விற்றது.

இன்று அதன் பெயர் 'நாட்ஸ் பெர்ரி ஃபார்ம்'. அமெரிக்காவின் பெரிய தீம் பார்க்குகளில் ஒன்று. பெயரில் பெர்ரி இருக்கிறது, ஃபார்மும் இருக்கிறது. பெர்ரி விளைந்த வயலில் இன்று ரோலர் கோஸ்டர் ஓடுகிறது. வசந்த காலத்தில் பாய்சன்பெர்ரி திருவிழா மட்டும் நடக்கும்.

நாட் குடும்பம் தப்பு செய்தது என்று சொல்ல முடியாது. பசித்த வருடங்களில் ஒரு குடும்பம் பிழைக்க வழி தேடியது, அது வளர்ந்தது. ஆனால் குயின்ஸ் ஃபார்மையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். வயல் இருக்க வேண்டும் என்பதற்காக விழா நடந்தால் வயல் மிஞ்சும். விழா வளர வேண்டும் என்பதற்காக வயல் இடம் விட்டுக்கொடுத்தால், ஒருநாள் பெயர் மட்டும்தான் மிஞ்சும்.

47 ஏக்கரை வீடு கட்டக் கொடுக்கலாமே?

இந்தக் கேள்வியையும் ஒதுக்கிவிட முடியாது. நியூயார்க்கில் வீட்டு வாடகை சாமானியர்களின் கழுத்தை நெரிக்கிறது. வீடுகள் தேவை என்பது உண்மை.

அதே க்ரீட்மூர் மருத்துவமனை வளாகத்தில் இப்போது பயன்படாமல் இருக்கும் 50 ஏக்கருக்கும் மேற்பட்ட இடத்தில் வீடுகள் கட்ட மாநில அரசு திட்டம் போட்டது. 2023 டிசம்பரில் வெளியான அந்தத் திட்டத்தில் சுமார் 2,800 வீடுகள். நிறைய வீடு வேண்டும் என்று ஒரு தரப்பு. எங்கள் ஏரியா தாங்காது என்று இன்னொரு தரப்பு. கூட்டங்கள், வாக்குவாதங்கள் எல்லாம் நடந்தன.

அதே மருத்துவமனையின் கையில் இருந்த நிலம்தான் இந்தப் பண்ணையும். 1975-ல் அந்தச் சட்டம் வராமல் இருந்திருந்தால், இன்று இதுவும் அந்தப் பட்டியலில் இருந்திருக்கும், அல்லது எப்போதோ கட்டி முடிக்கப்பட்டிருக்கும். இப்போது யாராவது பண்ணை மேல் கை வைக்க நினைத்தால், முட்டை தேடி ஓடின குழந்தைகள், பள்ளிச் சுற்றுலா வந்த மாணவர்கள், அக்டோபர் போட்டோ எடுத்த குடும்பங்கள் எல்லாரும் கேள்வி கேட்பார்கள். சட்டம் ஒரு பூட்டு என்றால், இவர்கள்தான் காவல். யாருமே எட்டிப் பார்க்காத நிலத்துக்காக யார் குரல் கொடுக்கப் போகிறார்கள்?

நீங்க போறதா இருந்தா இதைக் கவனிங்க

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகும் பெற்றோர்களுக்கும், அங்கேயே இருப்பவர்களுக்கும் சில டிப்ஸ்:

1. குயின்ஸ் ஃபார்முக்குக் கார் இல்லாமலும் போகலாம். மன்ஹாட்டனில் இருந்து இ அல்லது எஃப் சப்வே ரயிலில் க்யூ கார்டன்ஸ் - யூனியன் டர்ன்பைக் நிலையம் வரை போய், அங்கிருந்து க்யூ 46 பஸ் பிடித்தால் லிட்டில் நெக் பார்க்வேயில் இறங்கலாம்.

2. பெரிய நிகழ்ச்சி நாட்களில் டிக்கெட் உண்டு. கிளம்பும் முன் தேதியையும் நேரத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கூட்டம் பிடிக்காது என்றால் வார நாளில், நிகழ்ச்சி இல்லாத நேரத்தில் போங்கள். பண்ணையை நிதானமாகப் பார்க்க அதுதான் நல்லது.

3. அக்டோபர் வயலில் சேறு இருக்கும். நல்ல செருப்பு, ஷூ எதையும் நம்பாதீர்கள். பழைய ஷூ போதும். சாயங்காலம் குளிர் சட்டென்று இறங்கும், தாத்தா பாட்டிக்கு ஸ்வெட்டர் கட்டாயம்.

4. வேறு பண்ணைக்குப் போனால், "இந்தக் காய் இங்கேயே விளைஞ்சதா?" என்று கேட்டுப் பாருங்கள். சில இடங்களில் லாரியில் கொண்டுவந்து பரப்பி வைப்பதும் உண்டு. வெறும் போட்டோவுக்கு அது போதும். ஆனால் விளைவித்தவரிடம் வாங்கினால் அந்தக் காசு வயலுக்குத் திரும்பிப் போகும்.

5. பண்ணைக் கடையில் ஒரு கட்டு கீரையோ, ஒரு டஜன் முட்டையோ வாங்குங்கள். டிக்கெட் வருமானம் சீசனோடு முடிந்துவிடும். முட்டைக்கு வருஷம் முழுக்க ஆள் வேண்டும்.

பாட்டி கேள்விக்கு என்ன பதில்?

"காய் வாங்க இவ்ளோ தூரம் போவாங்களா?"

காய் வாங்கத்தான் போகிறார்கள் பாட்டி. கூடவே, அந்த வயல் அடுத்த வருஷமும் வயலாகவே இருக்க ஒரு சின்னத் தொகையும் கட்டிவிட்டு வருகிறார்கள். பலருக்கு அது தெரியாது, தெரியணும்னு அவசியமும் இல்லை. குழந்தை மேலே உட்கார்ந்து சிரித்தால் போதும்.

அடுத்த அக்டோபரில் அந்த போட்டோ குரூப்பில் வரும்போது, குழந்தையைப் பார்த்துவிட்டு ஒரு நொடி அதற்குப் பின்னால் இருக்கும் மண்ணையும் பாருங்கள்.